செடிக்குப் பெயர் உண்டு, வரைந்தவருக்கு?

ஹௌராவிலும் எடின்பரோவிலும் உள்ள தாவரவியல் நூலகங்களில் இந்திய ஓவியர்கள் வரைந்த அபூர்வமான செடிப் படங்கள் குவிந்து கிடக்கின்றன. பதிவேட்டில் இருப்பதோ வெள்ளைக்கார டாக்டர்களின் பெயர்.

ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில், ஹௌராவின் ஷிப்பூரில் உள்ள தாவரவியல் பூங்காவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆலமரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தப்பில்லை. 1925-ல் நோய் கண்ட அடிமரத்தையே வெட்டி எடுத்த பிறகும் விழுதுகளை ஊன்றிக்கொண்டு ஒரு தோப்பாக நிற்கிற மரம் அது. ஆனால் பூங்காவின் இன்னொரு பெரும் சொத்து கூரைக்குக் கீழே, மத்திய தேசிய ஹெர்பேரியத்தின் நூலகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை. வந்தாலும் எல்லோரையும் விடமாட்டார்கள்.

அங்கே இருப்பவை 2,500-க்கும் மேற்பட்ட வண்ண ஓவியங்கள். பெரிய தாள், தாளுக்கு ஒரு செடி. இலையின் மேல்புறம், அடிப்புறம், மொட்டு, பூ, காய், விதை என்று எதையும் விடாமல் நீர்வண்ணத்தில் தீட்டப்பட்டவை. 'ராக்ஸ்பர்க் ஐகோன்ஸ்' என்று தாவரவியல்காரர்கள் சொல்வார்கள். ஐகோன்ஸ் என்றால் படங்கள். ராக்ஸ்பர்க் என்பது வில்லியம் ராக்ஸ்பர்க், கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர், இந்தப் பூங்காவின் கண்காணிப்பாளர். ஒரே ஒரு சிக்கல்தான். இந்தப் படங்களை ராக்ஸ்பர்க் வரையவில்லை.

வரைந்தவர்கள் அவரிடம் சம்பளத்துக்கு இருந்த இந்திய ஓவியர்கள். அவர்களைப் பற்றிய கதை கொல்கத்தாவில் தொடங்குவதில்லை. 1776-ல் சென்னைக்கு வந்த ராக்ஸ்பர்க், ஐந்து ஆண்டுகள் கழித்து இன்றைய ஆந்திரத்தின் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில் உள்ள சாமல்கோட்டையில் குடியேறினார். அங்கே தோட்டம் போட்டார். மிளகு, காப்பி, அவுரி, மல்பெரி என்று எது கம்பெனிக்குக் காசு கொடுக்குமோ அதையெல்லாம் பயிர் செய்து பார்த்தார். 1789-ல் சென்னை அரசின் அதிகாரபூர்வத் தாவரவியலாளர் ஆனார். அடுத்த ஆண்டு முதல் ஓவியரை நிரந்தரமாகவே வேலைக்கு வைத்துக்கொண்டார். 1794-க்குள் 500 படங்கள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே ஜோசப் பேங்க்ஸ் என்ற செல்வாக்கு மிக்க தாவரவியலாளர் அவற்றிலிருந்து 300-ஐப் பொறுக்கினார். அவைதான் 'சோழமண்டலக் கரையின் தாவரங்கள்' என்ற பெயரில் 1795 முதல் 1820 வரை மூன்று பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. மூன்றாவது தொகுதி முடிவதற்குள், 1815-லேயே, ராக்ஸ்பர்க் இறந்துவிட்டார்.

முதல் தொகுதியில் உள்ள செடிகளில் ஒன்று சாயவேர். மணற்பாங்கான கரையில் வளரும் சின்னஞ்சிறு செடி. பூவும் சிறிது, இலையும் சிறிது. மதிப்பெல்லாம் மண்ணுக்குள்ளே இருக்கும் நீண்ட வேரில்தான். சோழமண்டலத் துணிகளின் பேர்போன சிவப்பு அந்த வேரிலிருந்துதான் வந்தது. ராக்ஸ்பர்க் செடியை மட்டும் விவரிக்கவில்லை. துணியை எப்படி நனைத்தார்கள், எப்படிச் சாயம் ஏற்றினார்கள் என்று சாயக்காரர்களின் முறையையும் எழுதிவைத்தார். கம்பெனிக்குச் செடியின் அழகு இரண்டாம்பட்சம். துணி வியாபாரம்தான் முதல்.

இந்தப் புத்தகத்தில் ஒரு விநோதம் உண்டு. செடிகளுக்கு லத்தீன் பெயரோடு தெலுங்குப் பெயரும் தரப்பட்டிருக்கிறது. உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். செடி எந்த மாதம் பூக்கும், எந்த நோய்க்கு மருந்து, மரம் எதற்கு ஆகும் என்பதெல்லாம் இருக்கிறது. ஆனால் அந்தச் செடியை எதிரில் வைத்துக்கொண்டு, வாடுவதற்குள் வரைந்து முடித்த மனிதரின் பெயரை மட்டும் பதிக்கவில்லை.

இதை வெள்ளைக்காரத் திமிர் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். கொஞ்சம் உண்மையும் அதில் உண்டு. ஆனால் முழு உண்மை அதுவல்ல. இந்த ஓவியர்கள் பிறந்து வளர்ந்த தொழில்மரபிலேயே ஓரத்தில் கையெழுத்துப் போடும் வழக்கம் அரிது. கோயில் சுவரிலும் துணியிலும் வரைந்தவர்கள் பெயர் போட்டுக்கொள்ளவில்லை. தவிர, ஒருவர் கோடு போட, இன்னொருவர் வண்ணம் தீட்ட, மூன்றாமவர் அதைப் பார்த்து லண்டனுக்குப் பிரதி எடுக்க என்று வேலை பல கைகளில் போகும். யார் பெயரை எழுதுவது? எழுத வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றாத வரையில் இந்தக் கேள்வியே எழாது.

தோன்றினால் எழுத முடியும் என்பதற்கு அதே கல்கத்தாவில், சில ஆண்டுகளுக்கு முன்னரே, அத்தாட்சி இருக்கிறது. தலைமை நீதிபதி எலைஜா இம்பேயின் மனைவி மேரி இம்பே வீட்டில் ஒரு சிறிய மிருகக்காட்சி சாலையே வைத்திருந்தார். 1777 முதல் 1782 வரை அந்தப் பறவைகளையும் விலங்குகளையும் வரைய ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்ற மூன்று பாட்னா ஓவியர்களை அமர்த்தினார். அந்தப் படங்களில் தொகுப்பின் சொந்தக்காரர் பெயரும் இருக்கிறது, வரைந்தவரின் பெயரும் இருக்கிறது. இன்று உலகம் ஜைனுத்தீன் என்ற பெயரைச் சொல்லிக் கொண்டாடுவதற்கு அந்த ஒரு வரிக் குறிப்புதான் காரணம். குறிப்பு இல்லாமல் போயிருந்தால் அவரும் 'கம்பெனி பாணி, கல்கத்தா, ஓவியர் தெரியவில்லை' என்ற வாசகத்துக்குள் போயிருப்பார்.

செடியை வரைவது எளிய வேலையல்ல. பூ அரை நாளில் வாடிவிடும். முதலில் பென்சிலில் உருவம். பிறகு பூவுக்கு வண்ணம், ஏனென்றால் முதலில் நிறம் மாறுவது அதுதான். இலைகளில் ஒன்றிரண்டுக்கு மட்டும் பச்சை தீட்டிவிட்டு மற்றவற்றைக் கோடாகவே விட்டுவிடலாம். நிறத்தைத் தெரிந்துகொள்ள அது போதும். செடி தாளைவிடப் பெரிதாக இருந்தால் தண்டை வெட்டிப் பக்கத்தில் வைத்து வரைவார்கள். அடிப்புறத்தைக் காட்ட ஓர் இலையைத் திருப்பிப் போடுவார்கள். பூவைப் பிளந்து உருப்பெருக்கியில் பார்த்து மகரந்தத் தாளையும் சூல்பையையும் தாளின் அடியில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். இதில் அழகுக்காக ஒரு இதழைக் கூட்டினாலும் படம் பயனற்றுப் போகும். ஆனாலும் இந்தியக் கை தெரிகிறது. ஐரோப்பிய ஓவியர் நிழலும் ஆழமும் காட்டுவதில் குறியாக இருப்பார். நம்மவர்கள் செடியைத் தாளின் மேல் விரித்துப் பரப்புகிறார்கள். கோடு அழுத்தம், இலைகள் ஓரம் வரை நிரம்புகின்றன, தண்டு வளைவில் ஒரு லயம் இருக்கிறது. சோழமண்டலத் துணிச் சித்திரங்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது அந்நியமாகத் தெரியாது.

1793 இறுதியில் ராக்ஸ்பர்க் கல்கத்தா பூங்காவின் பொறுப்பை ஏற்றார். இருபது ஆண்டுகள் அங்கே இருந்தார். படங்கள் பெருகின. ஒரு தொகுதி பூங்காவிலேயே இருந்தது. அதைப் பார்த்து வரைந்த இன்னொரு தொகுதி லண்டனில் உள்ள கம்பெனி இயக்குநர்களுக்குப் போய், கடைசியில் கியூ தாவரவியல் பூங்காவைச் சேர்ந்தது. 1813-ல் அவர் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பிய பிறகு, அவருடைய கையெழுத்துப் பிரதியை நண்பரான பாதிரியார் வில்லியம் கேரி ஸ்ரீராம்பூர் அச்சகத்தில் 'ஃப்ளோரா இண்டிகா' என்று அச்சிட்டார். எழுத்து மட்டும்தான் அச்சேறியது. இத்தனை படங்களை அச்சடிக்க யாரிடமும் பணமில்லை. ஆக, எழுத்து உலகமெங்கும் போக, படங்கள் நூலகத்தோடு நின்றுவிட்டன. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1964 முதல் சில பகுதிகளை வெளியிட்டது. அதற்குள் ஒன்றரை நூற்றாண்டு ஓடிவிட்டிருந்தது.

ராக்ஸ்பர்க்குக்குப் பின் அதே பூங்காவுக்கு வந்தவர் நத்தானியல் வாலிச் என்ற டென்மார்க்காரர். 1830-32-ல் லண்டனில் அவர் வெளியிட்ட ஆடம்பரமான மூன்று தொகுதிகளில், படங்களின் கீழே விஷ்ணுபிரசாத், கோராசந்த் என்ற பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. அதே தோட்டம், அதே சம்பளப் பட்டியல். இருபது ஆண்டுகளில் ஓவியர்களுக்குப் பெயர் முளைத்துவிட்டது.

தெற்கே இதைவிட நல்ல கதை நடந்தது. 1819-ல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து டாக்டர் ராபர்ட் வைட்டும் செடிப் பித்தர்தான். 1826-ல் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி கிடைத்தது. அந்தக் காலத்திலிருந்தே அவரிடம் வரைந்தவர் ரங்கையா. சுமார் இருபது ஆண்டுகள். 1845 வாக்கில் ரங்கையாவின் பெயர் மறைந்து கோவிந்து என்ற பெயர் வருகிறது. இருவரும் தெலுங்கு ஓவியர்கள். தஞ்சையிலும் சென்னையிலும் முச்சியர் என்று அறியப்பட்ட தொழில்முறை ஓவியர் சமூகங்களோடு ஆய்வாளர்கள் இவர்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

வைட்டுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. படங்களை லண்டனுக்கு அனுப்பி, செம்புத் தகட்டில் செதுக்கி, பணக்காரர்கள் மட்டும் வாங்கும் புத்தகம் போடுவதில் அவருக்கு விருப்பமில்லை. இந்தியாவில் வேலை செய்கிற டாக்டரும் அதிகாரியும் வாங்கக்கூடிய விலையில் வேண்டும். எனவே கல்லச்சு முறையைத் தானே கற்றுக்கொண்டு சென்னையிலேயே அச்சிட்டார். சென்னை வெயிலில் இது கொஞ்சமும் ஒத்துழைக்காத தொழில். கல்லில் எண்ணெய் மையால் வரைந்து, ஈரத்தில் மை ஒட்டாத தன்மையைப் பயன்படுத்தி அச்சடிக்க வேண்டும். ஈரம் சீக்கிரம் காய்ந்தால் படம் முழுக்க அப்பிவிடும். இருந்தும் 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட 'இக்கோனஸ்' தொகுதிகளில் மொத்தம் 2,101 படங்கள். ஷிப்பூரில் முடங்கிக் கிடந்த ராக்ஸ்பர்க் படங்களில் பலவும் பிரதி எடுக்கப்பட்டு இதில் சேர்ந்தன. விலையைக் கட்டுப்படுத்தக் கறுப்பு வெள்ளையில்தான் அச்சு.

இந்தக் காலத்தின் பிற்பகுதியில் வைட் இருந்தது கோயம்புத்தூரில். அமெரிக்கப் பருத்தியைத் தமிழ் மண்ணில் விளைவிக்க 1842-ல் கம்பெனி அவரை அனுப்பிவைத்தது. பருத்திச் சோதனை பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே நீலகிரி இருந்தது. நீலகிரிச் செடிகளுக்கென்றே தனிப் புத்தகம் வந்தது. பருத்திக்குச் செலவான கம்பெனிப் பணத்தில் மறைமுகமாக விளைந்த நல்ல பயன் அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

வைட்டின் படங்களில் இடது கீழ் மூலையில் சிறிய எழுத்தில் 'ருங்கியா டெல்.' அல்லது 'கோவிந்து டெல்.' என்று இருக்கும். டெல். என்பது வரைந்தவர் என்பதற்கான லத்தீன் சுருக்கம். மறுமூலையில் கல்லச்சுக்காரரான டம்ஃபியின் பெயர். சம்பளக்காரரின் பெயரை அச்சிடுவதோடு வைட் நிற்கவில்லை. ஆர்க்கிட் குடும்பத்தில் ஒரு புதிய பேரினத்துக்குக் 'கோவிந்தூயா' என்று பெயர் சூட்டினார். செடிகளுக்குக் கவர்னர்களின் பெயரையும் பிரபுக்களின் பெயரையும் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், மாதச் சம்பளம் வாங்கும் இந்திய ஓவியரின் பெயர். அந்தப் பேரினத்தைப் பிற்காலத்து அறிஞர்கள் டிரோபிடியா என்ற பழைய பேரினத்துக்குள் சேர்த்துவிட்டார்கள். விதிப்படி சரிதான். மனசுக்குத்தான் சரியாகப்படவில்லை.

1853-ல் வைட் இந்தியாவை விட்டுப் போனார். மூல ஓவியங்களில் நூற்றுக்கணக்கானவை எடின்பரோவில் உள்ள ராயல் தாவரவியல் பூங்காவின் நூலகத்தில் தங்கின. அங்கே தாவரவியலாளராக இருந்த ஹென்றி நோல்ட்டிதான் அவற்றைத் தூசி தட்டி எடுத்தவர். ஒவ்வொரு தாளையும் அச்சான படத்தோடும் உலர்ந்த செடி மாதிரியோடும் ஒப்பிட்டுப் பார்த்தார். எது ரங்கையாவின் கை, எது கோவிந்துவின் கை என்று பிரித்தார். 2007-ல் அவர் வெளியிட்ட மூன்று தொகுதி நூலின் தலைப்பிலேயே வைட்டுக்குப் பக்கத்தில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றன. அதன் பிறகுதான் கலை வட்டாரங்கள் விழித்துக்கொண்டன. 2019 டிசம்பரில் லண்டன் வாலஸ் கலெக்‌ஷனில் வில்லியம் டால்ரிம்பிள் 'மறக்கப்பட்ட மேதைகள்' என்ற பொருளில் கண்காட்சி நடத்தினார். 'கம்பெனி பாணி' என்று வாங்கியவனின் பெயரால் அழைத்தது போதும், வரைந்தவர்களின் பெயரால் பேசுவோம் என்பதுதான் அதன் வாதம். கொரோனாவால் 2020 மார்ச்சில் பாதியிலேயே மூட வேண்டிவந்தது.

பெயர் வெளிப்பட்டால் விலை ஏறுகிறது. இது இரு பக்கமும் வெட்டும் கத்தி. இம்பே சீமாட்டியின் தொகுப்பு 1810-லேயே லண்டனில் ஏலத்துக்குப் போய்ச் சிதறியது. இன்று அதன் தாள்கள் கைமாறும்போது கிடைக்கும் தொகையைக் கேட்டால் பாட்னா ஓவியர்களுக்கு மயக்கமே வரும். ஆனால் அந்தத் தொகுப்பு முழுமையாக இனி ஒரே இடத்தில் சேரப்போவதில்லை. ராக்ஸ்பர்க் படங்களுக்கு அந்தக் கதி நேராததற்குக் காரணம், யாரும் அவற்றைக் கலை என்று நினைக்கவில்லை என்பதே. அரசு அலுவலகக் கோப்புபோல நூலகத்தில் கிடந்தன. அலட்சியமே காவலாக இருந்தது.

கலை மதிப்பு ஒருபுறம் இருக்கட்டும். விஞ்ஞானத்துக்கு இவை இன்றும் தேவை. ஒரு செடிக்குப் பெயர் வைத்தால், அந்தப் பெயர் எதைக் குறிக்கிறது என்று காட்ட ஓர் ஆதார மாதிரி வேண்டும். பொதுவாக அது ஹெர்பேரியத்தில் ஒட்டிவைத்த உலர்ந்த செடி. ராக்ஸ்பர்க் பெயர் சூட்டிய பல செடிகளுக்கு அப்படி மாதிரி எஞ்சவில்லை. அந்த இடங்களில் இந்த ஓவியங்களையே ஆதாரமாக அறிஞர்கள் ஏற்றிருக்கிறார்கள். அதாவது, இன்று ஒரு மாணவர் கோதாவரிக் கரையில் ஒரு செடியைப் பிடுங்கி 'இதன் சரியான பெயர் என்ன?' என்று கேட்டால், கடைசித் தீர்ப்பு பெயர் தெரியாத ஒரு தெலுங்கு ஓவியர் போட்ட கோட்டில் இருக்கக்கூடும். அவர் ஒரு இதழைக் கூட்டிப் போட்டிருந்தால் தீர்ப்பும் தவறாகிவிடும்.

ஆகவே தாள் பிழைத்திருக்க வேண்டும். வங்காளத்தின் ஈரக்காற்று தாளுக்குப் பகை. பூஞ்சணமும் பூச்சியும் பழைய எதிரிகள். செம்பிலிருந்து எடுக்கும் பச்சை வண்ணம் தீட்டப்பட்ட பழைய படங்களில் அந்த வண்ணமே காலப்போக்கில் தாளை அரித்துக் கருக்கும் அபாயம் உண்டு. செடிப் படத்தில் பச்சை இல்லாமல் முடியுமா? வெளியே புயல் வேறு. 1864-லும் 1867-லும் வந்த புயல்கள் பூங்காவின் மரங்களில் பெரும்பகுதியைச் சாய்த்தன. 2020-ல் அம்பன் புயல் பெரிய ஆலமரத்தையே பதம் பார்த்தது. இவ்வளவுக்கும் தப்பி 200 ஆண்டுகளைத் தாண்டிய தாள்களைக் கையால் புரட்டுவதைக் குறைக்க ஒரே வழி, தரமான மின்படங்கள். கியூவில் உள்ள ராக்ஸ்பர்க் பிரதிகளும் வைட்டின் அச்சு நூல்களும் கணினியில் பார்க்கக் கிடைக்கின்றன. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2022-ல் தன் உலர்தாவரங்களை வலைத்தளத்தில் ஏற்றத் தொடங்கியது. ஓவியங்களும் அதே வேகத்தில், பெரிதாக்கிப் பார்க்கும் தரத்தில் வந்தால் நல்லது.

வரும்போது அட்டவணையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். நூலக அட்டவணையில் 'ஆசிரியர்' என்ற கட்டம் ஒன்று உண்டு. அங்கே ராக்ஸ்பர்க் என்று எழுதியாகிவிட்டது. இருக்கட்டும், செடிகளை விவரித்தவர் அவர்தான். கூடவே 'வரைந்தவர்' என்று இன்னொரு கட்டம் போட்டால் காசு ஒன்றும் செலவாகாது. பெயர் கிடைக்காத இடத்தில் 'தெலுங்கு ஓவியர், சாமல்கோட்டை' என்றாவது எழுதலாம். காலியான கட்டம் ஒன்று கண்ணை உறுத்திக்கொண்டிருந்தால், நோல்ட்டி செய்ததைப்போல கைக்குக் கை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஆராய்ச்சி மாணவருக்குத் தோன்றும். கியூவிலும் ஷிப்பூரிலும் உள்ள இரண்டு தொகுதிகளை எதிரெதிரே வைத்து எது மூலம், எது பிரதி, எத்தனை கைகள் என்று பிரிப்பது ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாராளமாகத் தாங்கும் வேலை.

வைட் போன பிறகு கோவிந்து சும்மா இருக்கவில்லை. சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரான ஹ்யூ கிளெக்ஹார்னிடம் வரைந்தார். கிளெக்ஹார்ன் அவரோடு நிற்காமல், 1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியின் மாணவர்களையும் செடிப் படங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டார். எழும்பூரில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அந்தப் பள்ளிதான். அந்த மாணவர்களின் செடிப் படங்களும் கோவிந்துவின் படங்களோடு எடின்பரோவின் அலமாரியில் இருக்கின்றன.